எய்ட்ஸ் காலத்துக் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள்: பதிப்பாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும், மொழிபெயர்ப்பாளர்களுக்கும், சிற்றிதழ் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். உங்களிடம் ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறேன். 1980களிலும் 90களின் முதல் பாதியிலும் எய்ட்ஸ், தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பிரான்சிலும் அந்தக் காலத்தைப் பற்றி நாவல்கள், சிறுகதைகள், நாடகங்கள் எழுதப்பட்டன. இன்னும் எழுதப்படுகின்றன. அவை தமிழில் வர வேண்டும். இலக்கியமாக வர வேண்டும், முழுசாக வர வேண்டும், அவற்றில் இருக்கும் காதலையும் உடலையும் வெட்டாமல் வர வேண்டும்.

தமிழ் வாசகருக்கு எய்ட்ஸ் புதிய செய்தி இல்லை. இந்தியாவில் எச்ஐவி தொற்று முதன்முதலாகத் தெரியவந்ததே 1986இல் சென்னையில்தான். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களிடமிருந்து எடுத்த ரத்த மாதிரிகள் வேலூர் சிஎம்சியில் சோதிக்கப்பட்டன. பிறகு தாம்பரம் சானடோரியம் நாட்டின் பெரிய எய்ட்ஸ் சிகிச்சை மையங்களில் ஒன்றாக ஆனது. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கியது. அதே காலத்தில் ஊரெல்லாம் விளம்பரப் பலகைகள் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று கேட்டன. ஆஸ்பத்திரிச் சுவர்களில் ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பிரசாரங்கள் பல உயிர்களைக் காப்பாற்றின, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவற்றில் நோயாளி என்பவன் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும்தான். ஆணை நேசித்த ஆணுக்கு அந்தச் சுவரில் இடமே கிடையாது. ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்ற வரியைப் படித்துக்கொண்டு ரத்தப் பரிசோதனை வரிசையில் நின்ற என்னைப் போன்றவர்களுக்கு அது எந்த வழியையும் சொல்லவில்லை.

வேறு ஊர்களில் இதே நோய் வந்தபோது அங்கிருந்த ஆண்கள் கதை எழுதினார்கள். அந்தக் கதைகளின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1981 ஜூன் 5ஆம் தேதி, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில் ஒரு சிறு குறிப்பு வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான நிமோனியா, ஐவரும் தன்பாலீர்ப்பு கொண்டவர்கள். அதற்கு அடுத்த மாதமே நியூயார்க் டைம்ஸ் 41 பேருக்கு வந்த அபூர்வப் புற்றுநோயைப் பற்றி எழுதியது. நோய்க்கு எய்ட்ஸ் என்ற பெயர் 1982இல்தான் வந்தது, கிருமி 1983இல் பாரிஸில் பிரித்தெடுக்கப்பட்டது, ரத்தப் பரிசோதனை 1985இல் வந்தது. ஏஇசட்டி என்ற முதல் மருந்து 1987இல் வந்தபோது அதை ஒரு வருடம் சாப்பிடப் பத்தாயிரம் டாலர் வரை ஆனது. அமெரிக்க அதிபர் ரீகன் இந்த நோயைப் பற்றி முழுநீள உரை ஆற்றியதும் அந்த வருடம் மே மாதக் கடைசியில்தான். அதற்குள் அவர் நாட்டில் 20,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். 1995 முடியும்போது அந்த எண்ணிக்கை மூன்று லட்சத்தைத் தாண்டியது. நோய் வந்தவர்களில் பாதிக்கு மேல் ஆண்களோடு உறவு கொண்ட ஆண்கள். கூட்டு மருந்துச் சிகிச்சை 1996இல் வந்த பிறகுதான் சாவு குறைந்தது.

இவ்வளவையும் ஒரு மருத்துவக் கட்டுரை சொல்லிவிடும். 1984இல் முப்பது வயதில் இருந்த ஒருவன், முகவரிப் புத்தகத்தைத் திறந்து இறந்தவர்களில் யார் பெயரை அடித்துவிடுவது என்று தயங்கி உட்கார்ந்திருந்ததைக் கதைதான் சொல்லும்.

புதுமைப்பித்தனை 1948இல் காசநோய் கொண்டுபோனதைப் பற்றி நாம் இன்றுவரை பேசி மாளவில்லை. நியூயார்க்கில் 1980, 81 வாக்கில் ஏழு எழுத்தாளர்கள் ஒருவர் வீட்டில் கூடி, எழுதிக்கொண்டிருந்ததை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டினார்கள். வயலட் குவில் என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களின் வாழ்க்கையை ஒளிக்காமல், மன்னிப்புக் கேட்காமல் எழுதுவது என்று தீர்மானித்திருந்த ஏழு பேர். 1990க்குள் அதில் நான்கு பேர் எய்ட்ஸால் போய்விட்டார்கள். ராபர்ட் ஃபெர்ரோவும் மைக்கேல் கிரம்லியும் வாழ்க்கைத் துணைவர்கள், 1988இல் சில வார இடைவெளியில் இருவரும் இறந்தார்கள். அடுத்த வருடம் ஜார்ஜ் விட்மோர். அதற்கடுத்த வருடம் கிறிஸ்டோஃபர் காக்ஸ். கறுப்பின எழுத்தாளர்களில் மெல்வின் டிக்ஸன் 1992இலும் எசெக்ஸ் ஹெம்பில் 1995இலும் போனார்கள். ஒரு தலைமுறையின் இலக்கியம் எழுதப்படும்போதே பாதியில் நின்றது. மிஞ்சியவர்கள் இறந்தவர்களுக்காகவும் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. இந்தப் புத்தகங்களில் ஒரு அவசரம் தெரியும். பல பக்கங்கள் காய்ச்சலோடு எழுதப்பட்டவை, அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாமல் எழுதப்பட்டவை. பிரான்சில் எர்வே கிபேர் தன் நோயைப் பற்றியே, தன் நண்பர் ஒருவரின் சாவைப் பற்றியே 1990இல் ஒரு நாவல் எழுதினார். அந்த நண்பர் தத்துவவாதி ஃபூக்கோ என்பது படித்த எல்லோருக்கும் புரிந்தது. மறு வருடம் கிபேர் இறந்தபோது அவருக்கு 36 வயது. பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவரும் வலுவான மரபு நம்மிடம் இருக்கிறது. அந்த மரபில் வருபவர்கள் இவரையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

சரி, கதைகளுக்கு வருகிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1986 நவம்பரில் நியூயார்க்கர் இதழில் ஒரு சிறுகதை எழுதினார். ‘த வே வீ லிவ் நவ்’ என்று பெயர். ஒருவனுக்கு உடம்பு சரியில்லை. அவனைப் பற்றி நண்பர்கள் பேசிக்கொள்வதுதான் மொத்தக் கதையும். இருபத்தாறு நண்பர்கள், ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். நோயாளிக்குப் பெயர் இல்லை, நோயின் பெயரும் கதையில் ஓரிடத்திலும் வராது. யார் இன்று ஆஸ்பத்திரிக்குப் போனது, அவன் சாக்லேட் கேட்டானா, பூ எடுத்துப் போகலாமா, அவளுக்கு விஷயம் தெரியுமா, தெரிந்தும் ஏன் போகவில்லை என்று வாக்கியங்கள் ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் வாய்க்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொருவர் பேச்சுக்கும் அடியில் தனக்கும் வந்துவிடுமோ என்ற பயம் ஓடும். நம் வீடுகளில் ஒரு துக்கச் செய்தி தொலைபேசியில் எப்படிப் பரவும், ‘நான் சொன்னேன்னு சொல்லாதே’ என்று எப்படி முடியும் என்று தெரிந்தவர் எவருக்கும் இந்தக் கதையின் நடை புதிதாக இருக்காது. தமிழின் பேச்சுமொழிக்கு இதைவிடப் பொருத்தமான கதையை நான் பார்த்ததில்லை. நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கையில் இது தமிழிலேயே எழுதிய கதைபோல வரும்.

அமெரிக்க நாடகாசிரியர் லாரி கிரேமரின் ‘த நார்மல் ஹார்ட்’ நாடகம் 1985 ஏப்ரலில் நியூயார்க் பப்ளிக் தியேட்டரில் மேடை ஏறியது. வெள்ளையடித்த மேடைச் சுவரில் நோய் கண்டவர்களின் எண்ணிக்கையை எழுதி வைத்திருந்தார்கள். நாடகம் ஓடிய மாதங்களில் எண் கூடக் கூட அதை மாற்றி எழுதினார்கள். கிரேமர் 1982 ஜனவரியில் தன் வீட்டிலேயே நண்பர்களைக் கூட்டி நோயாளிகளுக்கான அமைப்பு ஒன்றைத் தொடங்கியவர். அங்கே சண்டை போட்டு வெளியே வந்தவர். அந்தச் சண்டையைத்தான் நாடகமாக்கினார். நாடகத்தில் கத்தல் அதிகம் என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கத்தல் வேண்டியிருக்கிறது. அதில் ஒரு பாத்திரம் தன் காதலன் செத்த விதத்தைச் சொல்லும் இடம் இருக்கிறது. காதலனை அவனுடைய அம்மாவைப் பார்க்க விமானத்தில் கூட்டிப்போகிறான். வழியிலேயே காதலனுக்குப் புத்தி தடுமாறி, உடம்பும் கட்டுப்பாடு இழக்கிறது. இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும் உயிர் போகிறது. இறப்புச் சான்றிதழ் எழுத டாக்டர் யாரும் உடலைத் தொட வரவில்லை. சான்றிதழ் இல்லாமல் பிணத்தை எடுக்க ஆளும் வரவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் உடலைக் குப்பைப் பையில் திணித்துப் பின்வாசலில் குப்பைகளோடு வைக்கிறார். மேடையில் இது காட்டப்படுவதில்லை, ஒருவன் நின்று சொல்கிறான், அவ்வளவுதான். எச்ஐவியோடு இருந்தவர்களின் உடலை வாங்க ஊர் மறுத்த செய்திகளை நம் பக்கமும் படித்திருக்கிறோம். நம் நவீன நாடகக் குழுக்களில் ஒரு நல்ல நடிகர் அந்த இடத்தைத் தமிழில் சொன்னால் அரங்கில் யாரும் அசையமாட்டார்கள்.

நான் அதிகம் பேச விரும்புவது ‘த பிளாக்வாட்டர் லைட்ஷிப்’ நாவலைப் பற்றி. அயர்லாந்து எழுத்தாளர் கோல்ம் டோபின் எழுதியது, 1999இல் வந்து புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. கதை நடப்பது 1990களின் தொடக்கத்தில். அயர்லாந்தில் ஆண்களுக்கு இடையேயான உறவு 1993 வரை சட்டப்படி குற்றம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். டெக்லன் என்ற இளைஞனுக்கு எய்ட்ஸ் முற்றிவிட்டது. குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவனுடைய நண்பன் பால், டெக்லனின் அக்கா ஹெலன் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்கிறான். தம்பி பல வருடமாக நோயில் இருக்கிறான், நண்பர்கள் எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கு மட்டும்தான் தெரியாது என்பதை ஓர் அக்கா எப்படித் தாங்குவாள்?

டெக்லனுக்கு ஒரே ஓர் ஆசை. கடலோரம் பாட்டி வீட்டில் சில நாள் இருக்க வேண்டும். அப்பா புற்றுநோயில் கிடந்தபோது குழந்தைகள் இருவரையும் மாதக் கணக்கில் விட்டுவைத்த அதே வீடு. அங்கே பாட்டி, அம்மா, அக்கா, நண்பர்கள் பாலும் லாரியும் என்று எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே வந்து சேர்கிறார்கள். பாட்டிக்கும் அம்மாவுக்கும் ஆகாது. அம்மாவுக்கும் அக்காவுக்கும் பேச்சு வார்த்தையே இல்லாத நிலை. மருந்தின் பெயர், அளவு, எந்த வலிக்கு எதைக் கொடுப்பது, எப்போது டாக்டரைக் கூப்பிடுவது எல்லாம் நண்பர்களுக்குத்தான் தெரியும். பெற்றவள் ஓரமாக நிற்கிறாள். தன் பிள்ளையைப் பற்றி அந்நிய ஆண்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கோபம் அவளுக்கு. அந்தக் கோபத்தை டோபின் ஒருபோதும் மட்டமாகக் காட்டுவதில்லை. அவளைத் திருத்தவும் அவசரப்படுவதில்லை. லாரி கட்டடக் கலைஞன். வீட்டின் எந்தச் சுவரை எடுத்தால் வசதி என்று பாட்டியோடு உட்கார்ந்து திட்டம் போடுகிறான். பாட்டிக்கு அவனைப் பிடித்துப்போகிறது. பிரஸ்ஸல்ஸில் ஒரு பாதிரியார் தனக்கும் தன் துணைவனுக்கும் தேவாலயத்திலேயே திருமணம் செய்துவைத்த கதையைப் பால் சொல்கிறான். வலி தாங்க முடியாத இரவில் டெக்லன் கூப்பிடுவது அம்மாவை. அத்தனை வருடம் பார்த்துக்கொண்ட நண்பர்கள் சத்தமில்லாமல் நகர்ந்து அவளுக்கு வழிவிடுகிறார்கள். நாவல் சாவில் முடிவதும் இல்லை. காரில் ஏற்றி மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள்.

பாட்டி வீடு, பேசாத அம்மா, விஷயத்தை மறைக்கும் பிள்ளை, எல்லோரும் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடும்போது மேஜையில் உட்கார்ந்திருக்கும் சொல்லப்படாத விஷயம். இதில் எது நமக்கு அந்நியம்? ரஷ்யக் குளிரையும் கொலம்பிய மழையையும் தமிழில் வாசித்துத் தம் ஊராக ஏற்றுக்கொண்ட வாசகர்கள் நம்முடையவர்கள். டெக்லனின் பாட்டி வீடு இருக்கும் வெக்ஸ்ஃபோர்டு கடற்கரை அவர்களுக்குத் தூரம் இல்லை.

சில வருடங்களுக்கு முன் இந்தக் காலத்துச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கி ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். அங்கிருந்தவர் மரியாதையோடு பேசினார், கதை மனத்தைத் தொட்டது என்றார். அப்புறம் இரண்டு யோசனைகள் சொன்னார். கதையில் வரும் இரண்டு ஆண்களையும் அண்ணன் தம்பி ஆக்கிவிடலாமா என்றார். கடைசியில் தடுப்பு முறைகள் பற்றிச் சில பக்கங்கள் சேர்த்தால் மருத்துவ வரிசையில் போட்டுவிடலாம், நூலகத்துக்கும் போகும் என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று நம்புகிறேன். ஆனால் இந்த மடலை எழுதவைத்தது அந்தப் பேச்சுதான், அதனால் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கதையில் ஒருவன் இரவு முழுக்க விழித்திருக்கிறான். மற்றவனுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. படுக்கை விரிப்பு நனைந்தவுடன் உருவி, துண்டால் உடம்பைத் துடைத்து, காய்ந்த விரிப்பைப் போட்டு, நனைந்ததைக் குளியலறைத் தொட்டியில் ஊறவைக்கிறான். மறுபடியும் நனைகிறது. விடியும்போது வீட்டில் விரிப்பே இல்லை. இதை அண்ணன் செய்தால் ஊர் மெச்சும். அலுவலகத்தில் லீவு கிடைக்கும். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடக் கூப்பிடுவார்கள், செத்த பிறகு கொள்ளி வைக்கும் உரிமையும் அவனுக்குத்தான். காதலன் செய்தால் இவற்றில் ஒன்றும் கிடையாது. காலையில் அவன் குளித்துவிட்டு ஒன்றும் நடக்காதவன்போல வேலைக்குப் போகிறான், ஏனென்றால் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டால் சொல்ல அவனிடம் ஓர் உறவு இல்லை. அந்தக் கதை அந்த உரிமையற்ற அன்பைப் பற்றியது. அண்ணன் தம்பி ஆக்கினால் கதையே இல்லாமல் போய்விடும்.

அந்தக் காலத்தில் துணைவன் செத்தால் மிஞ்சியவன் குடியிருந்த வீட்டையும் இழந்தான், வாடகை ஒப்பந்தம் செத்தவன் பேரில் இருந்ததால். நியூயார்க்கில் அப்படி வெளியேற்றப்பட இருந்த ஒருவர் வழக்குப் போட்டார். 1989இல் அந்த மாநிலத்தின் உச்ச அதிகாரம் கொண்ட நீதிமன்றம், வாடகைக் கட்டுப்பாட்டு விதிகளைப் பொறுத்தவரை இப்படிச் சேர்ந்து வாழ்ந்த இருவரையும் குடும்பமாகவே கொள்ளலாம் என்று சொன்னது. இங்கே 2018இல், எங்கள் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து விடுபட்டோம். 2023இல் உச்ச நீதிமன்றம் திருமண உரிமை தர மறுத்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி இல்லை, தேர்ந்துகொண்ட குடும்பம் என்பதும் நம் சட்ட வழக்கில் ஏற்கப்பட்ட ஒன்றுதான் என்று சொல்லியிருக்கிறது. தேர்ந்துகொண்ட குடும்பம் எப்படி இருக்கும், நெருக்கடியில் அது என்ன செய்யும், எங்கே உடையும் என்று தெரிந்துகொள்ள உலக இலக்கியத்தில் இந்த எய்ட்ஸ் காலத்துக் கதைகளைவிட நல்ல இடம் கிடையாது. அமெரிக்க எழுத்தாளர் ரெபெக்கா மக்காயின் ‘த கிரேட் பிலீவர்ஸ்’ நாவல் 1985ஆம் வருடத்துச் சிகாகோவில் தொடங்குகிறது. செத்துப்போன நிக்கோவுக்குக் குடும்பம் தேவாலயத்தில் சடங்கு நடத்திக்கொண்டிருக்கும் அதே நேரம் அவனுடைய காதலனும் நண்பர்களும் வேறொரு வீட்டில் கூடியிருக்கிறார்கள். நிக்கோவின் தங்கை ஃபியோனா பெற்றோரோடு போகவில்லை, நண்பர்களிடம் வந்துவிடுகிறாள். முப்பது வருடம் கழித்தும் அந்தச் சாவுகளைச் சுமந்துகொண்டு அலைகிறாள். 2018இல் வந்த நாவல், எழுதியவர் அந்தக் காலத்தில் சிறுமியாக இருந்த ஒரு பெண். அந்த வேதனையை எழுதும் தகுதி இவருக்கு உண்டா என்று அங்கே கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். புத்தகத்தைப் படித்து முடித்தபோது அவர் உழைத்துத்தான் அந்த உரிமையைச் சம்பாதித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் மொழிபெயர்ப்பில் இவரை மட்டும் கொண்டுவந்து, செத்துக்கொண்டே எழுதிய ஆண்களை விட்டுவிடுவது அநியாயம். ஆலன் பார்னெட் என்று ஒருவர் இருந்தார். 1990இல் ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பு போட்டார், மறு வருடம் எய்ட்ஸில் இறந்தார். அவருக்கு அடுத்த புத்தகம் கிடையாது, விளம்பரத்துக்கு வந்து நிற்க ஆசிரியரும் கிடையாது. அதற்காகவே அவரை முதலில் எடுக்க வேண்டும் என்பேன்.

இன்னொரு தயக்கமும் எனக்குத் தெரியும். இன்று மாத்திரை இருக்கிறது, தினம் ஒன்று போட்டுக்கொண்டு எச்ஐவியோடு முழு ஆயுளும் வாழலாம், ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உறவில் பரவவும் பரவாது, பிறகு எதற்கு அந்தப் பழைய சாவுக் கதைகள் என்று. அந்த மாத்திரையை உலகத்துக்கே மலிவாக்கியதில் இந்திய நிறுவனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு, 2001இல் சிப்லா ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகக் கூட்டு மருந்து தர முன்வந்ததை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அந்த மாத்திரை வரும்வரை தெருவில் உட்கார்ந்து போராடியவர்களில் முன்வரிசையில் நின்றது இந்த ஆண்கள். மருந்துச் சோதனைகளை விரைவுபடுத்து, விலையைக் குறை, சோதனைக் குழுக்களில் நோயாளிகளையும் உட்காரவை என்று கேட்டு வாங்கினார்கள். நம் ஏஆர்டி மையத்தில், அதாவது எச்ஐவிக்கு மருந்து தரும் மையத்தில், இன்று மாத்திரை வாங்கிப்போகும் திண்டுக்கல் பையனுக்கு இந்த முன்னோர்கள் யார் என்று தெரிய வேண்டாமா? அவன் தமிழில் மட்டும் படிப்பவன். ஆங்கிலம் தெரிந்த எங்களுக்குக் கிடைத்த துணை அவனுக்கும் கிடைக்க வேண்டும்.

கொண்டுவரும்போது கவனிக்க வேண்டியவை சிலவற்றையும் சொல்கிறேன். அட்டையில் மண்டையோடும் ஊசியும் வேண்டாம். முன்னுரையை ஒரு டாக்டரிடம் கேட்க வேண்டாம், இலக்கியம் அறிந்தவரிடம் கேளுங்கள். படுக்கையறைக் காட்சிகளைச் சுருக்காதீர்கள். இந்தப் புத்தகங்களில் உடல் என்பது சுகம் தந்த உடல், பிறகு நோய்ப்பட்ட உடல், இரண்டும் ஒன்றுதான். முதல் பாதியை வெட்டிவிட்டால் நோய் ஏதோ தண்டனைபோல வந்து நிற்கும், அந்த எழுத்தாளர்கள் உயிரைக் கொடுத்து மறுத்தது அந்த எண்ணத்தைத்தான். அச்சுக்குப் போகும் முன் பிரதியைத் தன்பாலீர்ப்பு கொண்ட ஒரு தமிழ் வாசகரிடமும், எச்ஐவியோடு வாழும் ஒருவரிடமும் படிக்கக் கொடுங்கள், அந்த உழைப்புக்குப் பணமும் கொடுங்கள். அவர்கள் சொல்லும் திருத்தம் அகராதியில் கிடைக்காது.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், சொன்டாக்கின் சிறுகதையை ஒரு சிற்றிதழ் உரிமை வாங்கி வெளியிடலாம். டோபினின் நாவலை ஒரு நடுத்தரப் பதிப்பகம் தைரியமாக எடுக்கலாம், பெரிய புத்தகம் இல்லை. கிரேமரின் நாடகத்தை ஏதாவது ஒரு குழு உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 அன்று மேடை வாசிப்பாகவாவது செய்து பார்க்கலாம். பார்னெட், கிபேர், 2004இல் புக்கர் வாங்கிய இங்கிலாந்து எழுத்தாளர் ஆலன் ஹோலிங்ஹர்ஸ்டின் நாவல் எல்லாம் அதன் பின்னால் வரட்டும். இறந்தவர்களின் உரிமை அவர்கள் வாரிசுகளிடமோ, அவர்கள் நியமித்த நண்பர்களிடமோ இருக்கும், தேடி எழுதிக் கேட்க வேண்டும். சென்னையில் 2023 முதல் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி நடக்கிறது, வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் நேரில் வந்து மேஜை போட்டு உட்காருகிறார்கள். அங்கே போய்ப் பேசலாம்.

என்னால் முடிந்ததையும் சொல்லிவிடுகிறேன். உரிமை கேட்டுக் கடிதம் எழுதுவது, தட்டச்சு, மெய்ப்புப் பார்ப்பது, மருந்துப் பெயர்களையும் அந்தக் கால நியூயார்க், டப்ளின் விவரங்களையும் சரிபார்ப்பது ஆகிய வேலைகளைச் சம்பளம் இல்லாமல் செய்யத் தயாராக இருக்கிறேன். எனக்குத் தெரிந்து இன்னும் சில நண்பர்கள் இதில் கைகொடுப்பார்கள். மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் உரிய கூலியைப் பதிப்பகம் தர வேண்டும். வரும் ஜனவரிக் கண்காட்சிக்கு முன்னால் உங்களில் ஒருவர் ‘சரி, பார்க்கலாம்’ என்று பதில் போட்டால் அந்த வாரமே வேலையைத் தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் புத்தகங்களைத் தொடர்ந்து வாங்கிப் படிக்கும் ஒரு சென்னை வாசகன்